ஆலமரத்தடிக்குப் புது ஆட்கள்: தமிழ் விக்கிப்பீடியா மறுபடி கலகலக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்கள் கணக்குத் தொடங்கி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருக்கும். பத்துப் பதினைந்து கட்டுரைகள் எழுதியிருப்பீர்கள். ஒருநாள் இரவு, யார் எதைத் திருத்தினார்கள் என்று காட்டும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்தால் நேற்றுப் பார்த்த அதே பத்துப் பெயர்கள். முந்தாநாளும் அவர்கள்தான். இவ்வளவு பெரிய வீட்டில் இத்தனை பேர்தானா என்று மனது கனக்கும். ஏதாவது செய்ய வேண்டும் என்று அப்போது தோன்றுமே, அந்த எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. கட்டடக்கலைஞரான இ. மயூரநாதன் அந்த ஆண்டின் இறுதியில் வந்து, ஆங்கிலத்தில் இருந்த இடைமுகத்தைத் தமிழாக்கினார். பிறகு ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு அளித்தது. தொடக்கத்தில் எழுதியவர்களில் பலர் ஈழத் தமிழர்கள். வளைகுடாவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு எழுதியவர்கள். கட்டுரை எண்ணிக்கை 2017 மே மாதம் ஒரு லட்சத்தைத் தொட்டது. நீங்கள் கைவைக்கப் போவது இப்படி வளர்ந்த ஒரு வீட்டில் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மாதம்: படியுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

புதிதாக வருபவருக்கு முதலில் கண்ணில் படுவது குறைகள்தான். முதற்பக்கம் பழையதாக இருக்கிறது, விதிகள் நீளமாக இருக்கின்றன, வார்ப்புருக்கள் (பக்கங்களில் ஒட்டுவதற்கென்று முன்பே செய்து வைத்த அச்சுகள்) குழப்புகின்றன. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு மாதம் பொறுங்கள். அந்த மாதத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஆலமரத்தடியின் பழைய உரையாடல்களைப் படியுங்கள். எல்லாரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு இங்கே வைத்த பெயர் ஆலமரத்தடி. பெயர் வைத்தவர்கள் எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று நினைத்தார்கள் என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

குறிப்பாக மூன்று விவாதங்களைத் தேடிப் படிக்கச் சொல்வேன். ஒன்று, கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது. இது வருடக்கணக்கில் நடந்தது, முழுதாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது, இலங்கை வழக்கா தமிழ்நாட்டு வழக்கா என்பது. ஒருவருக்கு ரொறன்ரோ, இன்னொருவருக்கு டொராண்டோ. ஒருவருக்கு உதைபந்தாட்டம், இன்னொருவருக்குக் கால்பந்து. யார் சொல்வது தலைப்பு? கடைசியில் கைகொடுத்தது ஒரு சின்ன வசதி: வழிமாற்று. ஐதரசன் என்று தேடினாலும் ஹைட்ரஜன் என்று தேடினாலும் ஒரே கட்டுரைக்குப் போய்ச் சேரலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் மதுரைப் பிள்ளைக்கும் தேடியது கிடைக்கும். ஒரு வழிமாற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால், 'உன் சொல்லுக்கும் இங்கே இடம் உண்டு' என்று பல பேர் மல்லுக்கட்டி, பொறுமையாகப் பேசி வந்து சேர்ந்த முடிவு இருக்கிறது. இந்த இடத்தின் குணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, கூகுள் மொழிபெயர்ப்பு விவகாரம். 2009 முதல் 2011 வரை கூகுள் நிறுவனம் சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. கட்டுரைகள் நீளம் நீளமாக வந்தன, நடையோ பல இடங்களில் தமிழாகவே இல்லை. இதே சிக்கல் வந்தபோது வங்காள விக்கிப்பீடியர்கள் கதவைச் சாத்தினார்கள். நம்மவர்கள் அந்த நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். எந்தத் தலைப்புகள் தேவை, எந்தத் தவறுகளைத் திருத்தியாக வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார்கள். அந்த அனுபவத்தை 2010-ல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த, உலக விக்கிப்பீடியர்கள் கூடும் விக்கிமேனியா மாநாட்டிலும் எடுத்து வைத்தார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதை அப்படியே ஒட்டுகிறார்களே என்று கவலைப்படுபவர்கள் அந்தப் பக்கங்களை அவசியம் படிக்க வேண்டும். அன்று எழுப்பிய கேள்விகளில் பாதி இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாவது: ஓய்ந்து போனவர்களுக்குக் கடிதம்

பழைய உரையாடல்களைப் படிக்கும்போது சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களுடைய பங்களிப்புப் பட்டியலைப் பாருங்கள். சிலர் நின்று ஐந்து வருடம் ஆகியிருக்கும். பிள்ளைகள், வேலை, உடல்நிலை, சில நேரம் மனவருத்தம் என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும்.

'மறுபடி வந்து எழுதுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்று பதில் வரும், அல்லது ஒன்றும் வராது. அவரால் மட்டும் பதில் சொல்ல முடிகிற ஒரு கேள்வியோடு போங்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். கட்டுவிரியன் பற்றிய பக்கம் ஒன்றில் யாரோ சேர்த்த படம் எனக்குச் சந்தேகமாக இருந்தது. பாம்புகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டுக் காணாமல் போன ஒருவருக்கு இப்படி எழுதினேன்:

'வணக்கம் ஐயா. இந்தப் படத்தில் வெள்ளைப் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்குகின்றன. இது கட்டுவிரியன்தானா, வெள்ளிக்கோல் வரையனா? நீங்கள் பார்த்துச் சொன்னால் மாற்றிவிடுகிறேன்.'

மூன்று நாளில் பதில் வந்தது. அது வெள்ளிக்கோல் வரையன்தான், நஞ்சில்லாத பாம்பு. கட்டுவிரியனுக்குக் கழுத்தை ஒட்டிய பகுதியில் பட்டை பெரும்பாலும் இருக்காது, கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரிதாக, அறுகோணமாக இருக்கும் என்று விளக்கியிருந்தார். கடிபட்டவர் வீட்டில் யாராவது அந்தப் படத்தைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்கு வயிறு கலங்கியது. அவர் பதிலோடு நிறுத்தவில்லை. அதே கையோடு வேறு இரண்டு கட்டுரைகளையும் திருத்திவிட்டுப் போனார். அப்புறம் மாதத்துக்கு ஒருமுறையாவது வருகிறார். அவர் பழைய வேகத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார் என்பதே புதியவர்களுக்குப் பெரிய தெம்பு.

மனவருத்தத்தில் போனவர்களிடம் மட்டும் கவனம் தேவை. பழைய சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். நீங்கள் அப்போது இங்கே இல்லை.

மூன்றாவது: புதியவரின் முதல் வாரம்

மற்ற எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

2017-ல் தமிழ்நாட்டில் ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாப் பயிற்சி நடந்தது. ஒரே நேரத்தில் நிறைய ஆசிரியர்கள் எழுத வந்தார்கள். இருந்த சில பேரால் பார்த்து முடிக்க முடியவில்லை. அப்போது ஓர் ஆசிரியை தன் ஊர் ஏரியைப் பற்றி ஆறு வரி எழுதினார். மேற்கோள் ஒன்றும் இல்லை. 'எங்கள் ஊர் ஏரி மிகவும் அழகானது' என்று தொடங்கியிருந்தது. நான் நாலு நிமிடத்தில், 'இதை நீக்கலாம்' என்று சொல்லும் நீக்கல் வார்ப்புருவை ஒட்டினேன். விதிப்படி சரிதான். கொஞ்ச நேரத்தில் என் பேச்சுப் பக்கத்தில் (ஒரு பயனருக்கு மற்றவர்கள் செய்தி எழுதும் பக்கம் அது) ஒரு வரி: 'மன்னிக்கவும் ஐயா, தெரியாமல் செய்துவிட்டேன்.' அதற்குப் பிறகு அந்தக் கணக்கிலிருந்து ஒரு தொகுப்புகூட, அதாவது ஒரு திருத்தமோ சேர்ப்போகூட, இல்லை. ஏரிக்கு எத்தனை மதகு, எந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, கடைசியாக எப்போது நிரம்பியது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. அந்தக் கட்டுரை இன்றுவரை இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுபவர்களின் எண்ணிக்கை 2007-ல் உச்சத்துக்குப் போய், பிறகு சரியத் தொடங்கியது. ஆரன் ஹால்ஃபேக்கரும் உடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் ஏன் என்று ஆராய்ந்தார்கள். நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகளையும் தானியங்கிக் கருவிகளால் சட்டுச் சட்டென்று நீக்கியதும், அதனால் அவர்கள் மறுபடி வராமல் போனதும் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். விஷமிகளைத் தடுக்கப் போட்ட வேலி, விருந்தாளியின் காலிலும் குத்தியிருக்கிறது.

சரி, இப்போது நான் எப்படிச் செய்கிறேன்? புதிய ஒருவரின் முதல் கட்டுரை வந்தால், வேண்டுமென்று செய்த விஷமமோ அப்பட்டமான பதிப்புரிமை மீறலோ இல்லையென்றால், ஒருநாள் அதைத் தொடுவதில்லை. அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். மறுநாள் போய், முதலில் ஒரு தவறை நானே திருத்துகிறேன். 'மிகவும் அழகானது' என்பதை எடுத்துவிட்டு, ஏரி எந்த வட்டத்தில் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று தொடக்க வரியை மாற்றி எழுதுவேன். அடுத்த தவறை அவருக்கென்று விட்டுவைப்பேன். அப்புறம் பேச்சுப் பக்கத்தில் என் கையால் தட்டச்சு செய்த மூன்று நான்கு வரி. புதுப்பயனர் வார்ப்புரு போட்டு வரவேற்பது நல்ல வழக்கம்தான், விட வேண்டாம். ஆனால் அது எல்லாருக்கும் போவது என்று வாங்குபவருக்கும் தெரியும்.

'வணக்கம். உங்கள் ஊர் ஏரி பற்றிய கட்டுரையைப் படித்தேன். தொடக்க வரியைக் கலைக்களஞ்சிய நடைக்குக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், பழைய மாற்றங்களைக் காட்டும் 'வரலாறு' பகுதியில் பார்க்கலாம். பரப்பளவு எங்கிருந்து கிடைத்தது? நாளிதழ்ச் செய்தியோ பொதுப்பணித்துறைப் பலகையோ இருந்தால் சொல்லுங்கள், மேற்கோள் எப்படிச் சேர்ப்பது என்று காட்டுகிறேன்.'

இவ்வளவுதான். பலகை மட்டும் மேற்கோளுக்குப் போதுமா என்ற கேள்வி பிறகு வரட்டும். ஊர்க் கட்டுரைகளுக்குச் சான்று தேட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மாவட்ட விவரச் சுவடி, கல்வெட்டுத் தொகுதிகள், கிளை நூலகத்தில் இருக்கும் உள்ளூர் வரலாற்றுப் புத்தகங்கள் என்று வழி சொல்லிக் கொடுங்கள். ஏழாம் நாள் மறுபடி அவருடைய பங்களிப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒன்றும் எழுதாமல் இருந்தால் ஒரு சின்ன வேலை கொடுங்கள்: ஏரியை ஒரு படம் எடுத்து ஏற்ற முடியுமா என்று கேட்கலாம்.

ஒரு விஷயம் மறக்காமல் செய்ய வேண்டும். இன்று வருபவர்களில் நிறையப் பேர் கைப்பேசியில் வருகிறார்கள். அதில் பேச்சுப் பக்கம் சட்டென்று கண்ணில் படாது. நீங்கள் அன்பாக எழுதியதை அவர் பார்க்காமலேயே போகலாம். நேரில் சந்தித்தால் முதலில் திரையின் மேலே அறிவிப்பு காட்டும் மணி அடையாளத்தைக் காட்டி, 'இதில் எண் தெரிந்தால் யாரோ உங்களோடு பேசுகிறார்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

பயிற்சிப் பட்டறை வைப்பதானால்

ஒரு கல்லூரியில் அறுபது மாணவர்களைக் கூட்டி உட்கார வைத்தோம். ஏழாவது மாணவி கணக்குத் தொடங்கப் போனபோது பிழைச்செய்தி வந்தது. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும். கல்லூரி முழுக்க ஒரே இணைப்பு. மீதி ஐம்பத்து நாலு பேர் இரண்டு மணி நேரம் அடுத்தவர் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போண்டாவும் டீயும் வந்ததும் கூட்டம் கலைந்தது.

ஆகவே, வருபவர்களை முந்தின நாளே வீட்டில் தங்கள் கைப்பேசி இணைப்பில் கணக்குத் தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். முடியாதவர்களுக்கு, கூடுதல் அனுமதிகள் பெற்ற பயனரான நிருவாகி ஒருவர் தன் கணக்கிலிருந்து தொடங்கிக் கொடுக்கலாம். பெரிய கூட்டம் என்றால் சில நாள் முன்பே விண்ணப்பித்து அந்த வரம்பைத் தற்காலிகமாக விலக்கி வாங்கலாம். ஆனால் என் அனுபவத்தில் அறுபது பேரைவிடப் பன்னிரண்டு பேர் நல்லது. ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார முடியும். முதல் நாளே புதுக் கட்டுரை வேண்டாம். தன் ஊர்ப் பக்கத்தைத் திறந்து ஒரு எழுத்துப்பிழை திருத்தட்டும். மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் ஒரு பத்தி எழுதிப் பார்க்கட்டும். தான் செய்த திருத்தம் அடுத்த நொடியே எல்லாருக்கும் தெரிவதைப் பார்க்கும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். அது வந்தவர்கள்தான் திரும்ப வருகிறார்கள். தமிழ்த் தட்டச்சுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். குரல்வழித் தட்டச்சு தெரிந்தால் பெரியவர்களின் தயக்கம் பாதி போய்விடும்.

போட்டிகள் வைக்கலாமா?

வைக்கலாம், யோசித்து வைக்க வேண்டும். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடந்தது. 2013-ல் தொடங்கிய தொடர் கட்டுரைப் போட்டியில், ஏற்கெனவே இருக்கும் குறுங்கட்டுரைகளை விரிவாக்க வேண்டும். இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கிடையே நடந்த வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டியில் 2018-ல் தமிழ் இரண்டாம் இடம் பிடித்தது, அடுத்த சுற்றில் முதலிடம். ஆசியா பற்றிய கட்டுரைகள் எழுதும் விக்கிப்பீடியா ஆசிய மாதத்தில் எழுதி முடித்தவர்களுக்கு வேறொரு ஆசிய நாட்டிலிருந்து அஞ்சலட்டை வந்ததுண்டு. அந்த அட்டையைப் பல வருடமாகப் பத்திரமாக வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இவற்றில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது விரிவாக்கப் போட்டிதான். புதுக் கட்டுரை எண்ணிக்கைக்குப் பரிசு என்றதும் இயந்திர மொழிபெயர்ப்பு உள்ளே நுழைந்துவிடுகிறது. 'அவர் ஒரு நடிகர் ஆவார், யார் பல படங்களில் நடித்துள்ளார்' என்ற மாதிரி வாக்கியங்கள் பக்கம் பக்கமாக வரும். போட்டி முடிந்ததும் எழுதியவர் போய்விடுவார், திருத்துவது அந்தப் பழைய பத்துப் பேர் தலையில் விழும். அவர்கள் சோர்ந்து போவதற்கு இது ஒரு பெரிய காரணம். விரிவாக்கம் என்றால் முன்பு ஒருவர் எழுதியதைப் படித்தாக வேண்டும். புதியவர் பழையவரின் எழுத்தோடு பழகுகிறார். போட்டி தொடங்கும் முன்பே, வரும் கட்டுரைகளைப் பார்க்க எத்தனை பேர் தயார் என்று பெயர் வாங்கிவிடுங்கள். மூன்று பேர்கூடக் கிடைக்கவில்லை என்றால் போட்டியைத் தள்ளிவையுங்கள்.

எதையாவது மாற்ற வேண்டுமென்றால்

இப்போது உங்களுக்கு இடம் பழகியிருக்கும். முதற்பக்கத்தையோ ஒரு விதியையோ மாற்றலாம் என்று தோன்றினால் ஆலமரத்தடியில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஏன் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'மூன்று மாதம் செய்து பார்ப்போம், சரிவரவில்லை என்றால் பழையபடி வைத்துவிடலாம்' என்று ஒரு தேதி. குறைந்தது ஒரு வாரம் காத்திருங்கள். ரொறன்ரோவில் இருப்பவருக்கும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் பகலும் இரவும் வேறு, சிலருக்கு வாரக் கடைசியில்தான் நேரம்.

வாட்சப் குழு, டெலிகிராம் குழு எல்லாம் பேசிப் பழக நல்லவை. புதியவர் ஒரு சந்தேகம் கேட்டால் உடனே தீர்ந்துவிடும். ஆனால் முடிவுகளை அங்கே எடுக்காதீர்கள். குழுவில் இல்லாத ஒருவர், பதினைந்து வருடமாக எழுதிக்கொண்டிருப்பவராக இருக்கலாம், காலையில் வந்து பார்த்தால் வீட்டில் கதவு இடம் மாறியிருக்கும். யாரும் அவரைக் கேட்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். குழுவில் பேசியதைச் சுருக்கி ஆலமரத்தடியில் போட்டுவிட்டு, அங்கே வரும் பதிலுக்குக் காத்திருங்கள்.

எதை எண்ணுவது

கட்டுரை எண்ணிக்கை முதற்பக்கத்திலேயே இருக்கிறது, அதை நீங்கள் எண்ண வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் புதிதாக வந்து ஐந்து தொகுப்பாவது செய்தவர்களின் பயனர் பெயர்களை எழுதுங்கள். அடுத்த மாதம் அதே பெயர்களைத் தேடிப் பாருங்கள். மறுபடி வந்தவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி.

என் நோட்டில் ஒரு மாதப் பக்கத்தில் பதினோரு பெயர்கள், மூன்றுக்குப் புள்ளி. அந்த மூவரில் ஒருவர் சித்த மருத்துவ மூலிகைகள் பற்றி எழுதுகிற பெண். போன மாதம் புதிதாக வந்த ஒரு மாணவர், தான் ஏற்றிய படம் ஏன் காணாமல் போனது என்று ஆலமரத்தடியில் கேட்டிருந்தார். நான் பதில் எழுதலாம் என்று போனபோது, அந்தப் பெண் முன்பே எழுதிவிட்டிருந்தார்: 'வணக்கம் தம்பி. எனக்கும் முதலில் இப்படித்தான் ஆனது. நீங்களே எடுத்த படமா என்று மட்டும் சொல்லுங்கள், மறுபடி ஏற்றுவது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.' கேள்வி வந்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.